எட்டுக்கு நாலு ஷீட்

ஒரு எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஷீட்டில், கடல் அலையில் சறுக்க நாலு பலகை. போன வாரம் ஆசாரி அண்ணன் அறுத்துக் கொடுத்தார். மொட்டை மாடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று கை வார்னிஷ் அடித்தோம். முனை மட்டும் உருண்டை. "இட்லித் தட்டு வைக்கவா தம்பி?" என்று கேட்டார் அவர்.

இன்று விடியற்காலையிலேயே சென்னைப் பக்கத்துக் கோவளம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அங்கே அலை நன்றாக இருக்கும். காற்று ஏறும்முன் இறங்கிவிட வேண்டும், அப்புறம் தண்ணீர் கலைந்துவிடும்.

நிற்கிற பலகை இல்லை இது. வயிற்றில் படுத்துப் போவது, ஹவாயில் பைப்போ என்பார்கள். இடுப்பளவு அலைக்கு அதுவே தாராளம். சறுக்கும்போது கண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. சின்ன அலைகூட மலை மாதிரி தெரியும்!

பிறகு பலகை இல்லாமலும் போனோம். அலை முதுகைத் தூக்கும் நொடியில் நாலு உதை, ஒரு கையை முன்னால் நீட்டி உடம்பை விறைப்பாக்க வேண்டும். நான் ஒரு நொடி பிந்தினேன். அலை தலைகீழாகப் புரட்டி மணலில் தேய்த்தது (தோளில் இப்போது மஞ்சள் பற்று).

குப்பத்துப் பையன் ஒருவன் எங்கள் பலகைகளை ஏற இறங்கப் பார்த்தான். கையில் ஒற்றை ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த அலையில் பாய்ந்தான். எங்கள் நாலு பேரையும் தாண்டிக் கரையில் போய் நின்று, "பலக நல்லாத்தான்ணா இருக்கு" என்றான்.