சைபரா, ஓ-வா? டர்பனில் பழைய காரவன் வாங்கிய கதை

எங்கள் காரவன், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு, அதன் கதவோரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தங்கநிற ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கிறது. ‘பாதுகாப்புச் சோதனை முடிந்தது’ என்று ஆங்கிலத்தில் போட்டு நடுவில் ஒரு டிக். அதற்கு நான் கொடுத்த விலை 3,450 ரேண்ட். கட்டணம் மூவாயிரம், அதன்மேல் 15 சதவீதம் வாட். இன்றுவரை எந்த கவுண்டரிலும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

வாங்கியது 2024 பிப்ரவரி 24, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு டீலரிடம். விலை பேசியது, பணம் கட்டியது, பாக்கியில் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) மாட்டி வீட்டுக்கு இழுத்து வந்தது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. (மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் போகும் டிரெய்லர் என்றால் லைசென்ஸ் கார்டில் ‘இ.பி.’ பிரிவு இருக்க வேண்டும். எனக்கு இருந்தது. வெறும் ‘பி’ மட்டும் என்றால் முன்பணம் கொடுக்கும் முன்பே அதைப் பாருங்கள்.)

பில்லில் விலைக்குக் கீழே நாலு வரி: ரோட்வர்த்தி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சோதனை), பதிவுக் காகித வேலை, சேஃப்டி சர்டிஃபிகேஷன், அட்மின். அட்மின் என்றால் என்ன என்று கேட்டேன். காகிதமெல்லாம் எழுதுவது என்றார். அப்போ காகித வேலை என்பது? சிரித்தார். சேஃப்டி சர்டிஃபிகேட் யாருக்குக் காட்ட என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

கையில் வந்த ரோட்வர்த்தி சான்றிதழின் தேதி ஜனவரி 12. அதன் ஆயுள் 60 நாள். அதாவது வாங்கும்போதே நாற்பத்து மூன்று நாள் கரைந்திருந்தது. வாங்கியவர் பெயருக்கு மாற்ற 21 நாள் அவகாசம் தனி. இரண்டு கடிகாரம் ஓடுகிறது, எனக்கு ஒன்றுதான் தெரியும்.

பதிவு அலுவலகத்துக்கு முதல் தடவை போனது பிப்ரவரி 29. வரிசையில் இரண்டு மணி நேரம். கவுண்டரில் இருந்த அம்மா என் தாள்களைப் புரட்டி, உரிமை மாற்றப் படிவத்தில் சேஸி நம்பர் மேல் விரலை வைத்தார். ‘இது என்ன, பூத்தி?’ ஜூலுவில் பூத்தி என்றால் அண்ணன், தம்பி. என் காதில் ‘புத்தி’ என்றே விழுந்தது, அன்றைக்குப் பொருத்தமாகவும் இருந்தது. டீலர் கடைப் பையன் சைபர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஓ’ எழுதியிருக்கிறான். வட்டத்துக்கும் வட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்றால், மற்ற இடங்களில் சைபருக்குக் குறுக்குக் கோடு போட்டவன் இந்த ஒன்றில் மட்டும் போடவில்லை. அங்கேயே கோடு போடட்டுமா என்று பேனாவை எடுத்தேன். ‘அடித்துத் திருத்தியதை வாங்க மாட்டோம். புதுப் படிவம், விற்றவர் கையெழுத்து.’ அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

பிறகு தெரிந்துகொண்டது: சேஸி நம்பராகப் போடும் பதினேழு எழுத்து வி.ஐ.என். எண்ணில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது, இந்தக் குழப்பத்துக்காகவே விலக்கி வைத்திருக்கிறார்கள். படிவத்தில் ‘ஓ’ மாதிரி தெரிந்தால் டீலர் மேசையிலேயே மாற்றி வாங்குங்கள்.

புதுப் படிவத்துக்கு மறுபடி அறுபது கிலோமீட்டர். கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த வாரம் லீவு. படிவம் கைக்கு வந்ததும் மார்ச் 11 திங்கட்கிழமை போனேன். வாசலில் ஏ4 தாளில் ‘சிஸ்டம் ஆஃப்லைன்’. செக்யூரிட்டி தோளைக் குலுக்கினார். புதன்கிழமை போனபோது சிஸ்டம் வேலை செய்தது, அதே அம்மா, அதே விரல், இந்தத் தடவை ரோட்வர்த்தி தேதியில். ‘நேற்றோடு முடிந்துவிட்டது, பூத்தி.’

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் பத்திரிகை போட மாட்டார்கள். ஆனால் அவர் சொன்னது இரண்டு தடவையும் சரி.

சொந்தக் காசில் டெஸ்டிங் ஸ்டேஷன். அங்கே ஃபெயில். பின்பக்க இண்டிகேட்டர் ஒன்று எரியவில்லை, ஏழு பின் பிளக்குக்குள் பச்சைப் பாசி மாதிரி துரு. அது பத்து நிமிட வேலை. இன்னொன்றுதான் வயிற்றைக் கலக்கியது: சேஸி நம்பர் படிக்க முடியவில்லை. ஜனவரியில் பாஸானது இப்போது எப்படி ஃபெயில் என்றால், சோதனை முடிந்த பிறகு, விற்பனைக்கு அழகாக இருக்கட்டும் என்று முன் இழுவைச் சட்டத்துக்கு டீலர் வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கிறார், கனமாக. 14 நாளுக்குள் திரும்பி வந்தால் ஃபெயிலானதை மட்டும் பார்த்தால் போதும் என்றார் பரிசோதகர். நல்ல மனிதர்.

அன்று ராத்திரி ஹெட்லைட்டை நெற்றியில் மாட்டிக்கொண்டு தின்னரும் பழைய டூத்பிரஷுமாக மண்டி போட்டேன். வெள்ளி கரைந்து, அதற்கடியில் கறுப்பு, கறுப்புக்கடியில் ஒரு சாம்பல். முதலில் ஒரு ஏழின் குச்சி. பிறகு மெதுமெதுவாக மற்றவை, குழியில் பெயின்ட் தங்கி நிற்க. அந்தப் பாழாய்ப்போன இடத்தில் சைபர், இரும்பில் குத்தின அழகான ஒல்லிச் சைபர். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘இதுக்கா எழுப்பினீங்க?’ என்று போய்விட்டாள்.

மார்ச் 20 புதன்கிழமை காலையில் பாஸ், மதியம் பதிவு. மறுநாள் 21 இங்கே மனித உரிமை நாள், எல்லாம் மூடல், ஆகவே அன்று தவறியிருந்தால் ஈஸ்டர் பயணமே சந்தேகமாகியிருக்கும். நாலு நாள் தாமதத்துக்கு அபராதமும் கட்டினேன்.

முடிந்தது என்று டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்ப் பெருமையடித்தேன். எனக்கு மூத்தவர், முப்பது வருடமாகக் காரவன் இழுப்பவர், அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் அவர் ஆயா பேசியது. ‘தம்பி, காஸ் சி.ஓ.சி. எங்கே?’ என்றார், காஸ் இணக்கச் சான்றிதழைத்தான். ஸ்டிக்கரைச் சொன்னேன். ‘அது கடைக்காரன் பேப்பர். இன்ஷூரன்ஸ்காரன் அதைப் பார்ப்பானா?’

பார்க்கவில்லைதான். ஃபோன் போட்டுக் கேட்டேன், காஸ் சான்றிதழைத்தான் கேட்டார்கள். 2009-ஆம் ஆண்டு அழுத்தக் கருவி விதிகளின்படி காஸ் இணைப்பு கைமாறும்போது புது இணக்கச் சான்றிதழ் வேண்டும், அதை எஸ்.ஏ.க்யூ.சி.சி. காஸ் என்ற, காஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பில் பதிவு உள்ள ஆள்தான் எழுத முடியும். பதிவு கவுண்டரில் இதைக் கேட்பதே இல்லை, அதனால் இல்லாதது தெரிவதும் இல்லை. வருபவரிடம் கார்டைக் கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு வந்தவர் வயதானவர். பேச்சில்லை. ஷேவிங் பிரஷால் சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு இடத்தில் நுரை கடுகு கடுகாக வீங்கியது. பிறகு தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்தவர், என்னைக் கூப்பிட்டார். தரையில் இருக்க வேண்டிய காற்றுத் துளையை யாரோ பிளைவுட் வைத்து சிலிகான் பூசி மூடியிருக்கிறார்கள், தூசி வராமல் இருக்க. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். மேலே என் இரண்டு பிள்ளைகள் படுக்கப்போகும் கட்டில். டீலரின் சோதனைத் தாளில் ‘காஸ்: சரி’ என்று டிக் இருக்கிறது. கையெழுத்துகூட அழகாக இருக்கிறது.

ரப்பர் குழாய், ரெகுலேட்டர், வேலை, சான்றிதழ் எல்லாம் சேர்த்து 1,650 ரேண்ட். தங்க ஸ்டிக்கரில் பாதி விலைகூட இல்லை.

டீலரிடம் போனேன். ‘வூட்ஸ்டூட்ஸ்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார். உள்ளது உள்ளபடி வாங்கினேன் என்று அர்த்தம். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் அதோடு என் வாய் அடைத்திருக்கும். கடையில் வாங்கினால் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதத்துக்குக் கூடவே வரும் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். சட்டத்தின் பெயரைச் சொன்னதும் குரல் இறங்கியது. பணமாகத் தர முடியாது, 2,000 ரேண்டுக்குக் கிரெடிட் நோட் தருகிறேன், கடையிலேயே ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மேலே வழக்காடத் தெம்பில்லை.

பெரிய வெள்ளியன்று நண்பர் குடும்பம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு, சனிக்கிழமை எங்களோடு டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு வந்தார்கள். கிரெடிட் நோட்டில் கூடார முளைகளும் மடக்கு நாற்காலிகளும் ஒரு விசில் கெட்டிலும் எடுத்திருந்தோம். அந்த ஸ்டிக்கரை அங்கே வைத்து உரிக்கப் பார்த்தேன். டிக் மட்டும் வந்தது.