நம்ம வார்டுல யாருப்பா?

2025 ஆகஸ்டில் மதுரை பாரபத்தியில் நடந்த விஜய்யின் தவெக மாநாட்டுக்குப் போய் வந்த தெருப் பையன்கள் நாலு பேர், கழுத்தில் துண்டு இன்னும் கழற்றாமல், செல்லூரில் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே பேச்சு. வெயிலில் கருத்துப்போயிருந்தார்கள். ஆனால் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடித்திருந்தது.

மாமா தறிக்காரர், எம்ஜிஆர் காலத்து இரட்டை இலை. 2005 செப்டம்பரில் விஜயகாந்த் இதே மதுரையில் கட்சி தொடங்கினார். அடுத்த வருடத் தேர்தலில், "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஆண்டது போதும் மாப்ள" என்று சொல்லிவிட்டு அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார் மாமா. ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றுதான், ஆனாலும் 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. 2009 நாடாளுமன்றத் தேர்தலில் தனியாக நின்று 10 சதவீதம். இது ரசிகர் மன்ற ஓட்டு மட்டும் இல்லை, மாமா மாதிரி வெறுத்துப் போனவர்களும் சேர்ந்து போட்டது. 2011இல் அதிமுகவோடு கூட்டணி, 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி, எல்லாம் கிடைத்தது. ஆனால் மாமா அன்றைக்கே விட்டுவிட்டார். "எதை வேண்டாம்னு வந்தேனோ அங்கேயே கொண்டுபோய் விட்டா எப்படி?" 2016இல் அந்தக் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை, ஓட்டு இரண்டரை சதவீதத்தைத் தொடவில்லை.

நாம் தமிழரோடு எனக்குப் பல விஷயத்தில் ஒத்துப்போகாது. ஆனால் 2016இல் ஒரு சதவீதத்தில் இருந்தவர்கள் ஒரு தொகுதிகூட ஜெயிக்காமலே, தனியாகவே நின்று நின்று 2024இல் 8 சதவீதம் தாண்டினார்கள். கோபத்தில் வருகிற ஓட்டு, சொன்ன சொல்லில் நிற்கிறார்களா என்று பார்த்துத்தான் தங்குகிறது.

அதுவும் போதாது. 2021இல் நான் ஓட்டுப் போடப் போன மாநகராட்சிப் பள்ளியில் பெரிய கட்சி ஏஜென்ட்டுகள் வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுப் போட்டவர் பெயரை ஒவ்வொன்றாக ஸ்கேல் வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர், "அம்மா இன்னும் வரலையே தம்பி, முடியலையா?" என்றார். நான் ஓட்டுப் போட நினைத்த புதுக் கட்சிக்கு அங்கே ஆளே இல்லை. சாக்கடை அடைத்தாலும் பட்டா வேண்டுமானாலும் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுவது அந்த ஏஜென்ட் வீட்டைத்தான். அந்த ஆளை எந்த மாநாட்டு மேடையும் தந்துவிடாது.

பையன்கள் பேசி முடித்ததும் மாமா கேட்டார்: "எல்லாம் சரிப்பா, நம்ம வார்டுல உங்க ஆள் யாரு?"

ஒருத்தன் மற்றவனைப் பார்த்தான். "போடுவாங்க மாமா."

"நீயே இருக்க வேண்டியதுதானே" என்றார் மாமா.