ஊருக்கெல்லாம் சொன்னார்கள், எனக்குச் சொல்லவில்லை

1995, சித்திரை மாதம். எனக்கு 12 வயது. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், பாவாடையில் ரத்தத்தைப் பார்த்ததும் வயிற்றுக்குள் ஏதோ கிழிந்துவிட்டது, சாகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். பாவாடையை அலசி, ஈரத்தோடே கட்டிக்கொண்டு, துவைக்கும் கல்லருகே பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அம்மா பார்த்துவிட்டார். என்னைத் தொடாமல் இரண்டடி தள்ளி நின்று அழுதார், சிரித்தார், பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

மாமா வந்து பச்சைத் தென்னை ஓலையில் குச்சு கட்டினார். உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், தனித் தட்டு, தனித் தம்ளர். 16-ஆம் நாள் தண்ணீர் ஊற்ற உறவெல்லாம் கூடியது, பத்திரிகைகூட அடித்திருந்தார்கள். என் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பிறகு பள்ளியில் அந்தப் பாடம் வந்தபோது, “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று ஆசிரியை பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

என் மகளுக்கு ஒன்பதரை வயதில், மார்பில் பட்டாணி போல ஏதோ வலிக்கிறது என்றாள். மார்பு அரும்பத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். அதற்குச் சில மாதங்கள் முன்பே வெள்ளை படுவதும் உண்டு. இயற்கை நமக்கு இவ்வளவு அவகாசம் தருகிறது. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதைக் கழிப்பது அநியாயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் அடுக்களையில் உட்கார வைத்தேன். மகளுக்கு 11, மகனுக்கு 9. “பையனுக்கு இதெல்லாம் எதற்கு?” என்றார் அத்தை. “தெரியாமல் வளர்ந்தவன்தான் வகுப்பில் கறையைப் பார்த்துச் சிரிப்பான், அத்தை” என்றேன்.

பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை எடுத்துக்கொண்டேன். இருமல் மருந்துப் புட்டியின் மூடி 10 மில்லி பிடிக்கும். ஆறு மூடி அளந்து, சிறிது சிறிதாக நாப்கின்களில் ஊற்றிக் காட்டினேன். “இவ்வளவுதானா? குடம் குடமாகப் போகும் என்று நினைத்தேன்” என்றாள் மகள். ஒரு மாதவிடாய் முழுவதற்குமே பெரும்பாலும் 30 முதல் 80 மில்லிதான். அதுவும் நான்கைந்து நாட்களாகப் பிரிந்து வரும். என்னைக் கல்லருகே உட்கார வைத்த பயத்தைப் போக்க இந்த ஆறு மூடித் தண்ணீர் போதுமானதாக இருந்திருக்கும்.

பிறகு தாளில் படம் வரைந்தேன். கைமுட்டி அளவுக் கருப்பை, இரு பக்கமும் சினைப்பை. குழந்தை தங்குவதற்காக மாதாமாதம் உள்ளே ஒரு மெத்தை தடிக்கும்; தேவைப்படாதபோது உதிரும். சிறுநீர் வரும் வழியும் இதுவும் வேறு வேறு என்றதும் மகள் திகைத்துவிட்டாள். எனக்கே அது திருமணத்துக்குப் பிறகுதான் தெரியும். மகன் கேட்டது ஒன்றே ஒன்று: “அக்காவுக்கு வலிக்குமா?” அடிவயிறு இழுத்துப் பிடிக்கலாம், வெந்நீர்ப் பை வைத்தால் குறையும் என்றேன். “வெந்நீர் நான் வைத்துத் தருகிறேன்” என்றான்.

நாப்கின் நனையாவிட்டாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும். உள்ளே சோப்பு போடக்கூடாது. கழற்றியதைத் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, ஏழு நாளைத் தாண்டினாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

துணியைப் பற்றிச் சொல்லும்போது அத்தை குறுக்கிட்டார். அவருக்கு 74 வயது. “நாங்கள் பழைய சீலையைக் கிழித்துத்தான் வைத்துக்கொள்வோம். ஆம்பளைகள் கண்ணில் படக்கூடாது என்று விறகு மூட்டைக்குப் பின்னால் காயப்போடுவோம். காயாது. தொடையெல்லாம் புண்ணாகும்.” இதை இத்தனை ஆண்டுகளில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. துணியும் நல்லதுதான், சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் உலர்த்தினால். கெடுதல் செய்தது அந்த ஒளிவுமறைவு. இன்றும் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அரசின் ‘புதுயுகம்’ திட்ட நாப்கின்களைத் தருவதற்கு முன் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

குச்சு மட்டும் எங்கள் வீட்டில் கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயலடித்த இரவில், பட்டுக்கோட்டைப் பக்கம் வயதுக்கு வந்ததற்காகத் தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்ட சிறுமி, தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். அவளுக்கும் 12 வயதுதான். அந்தச் செய்தியைப் படித்த அன்றே முடிவு செய்துவிட்டேன். அத்தையும் இதில் மறுப்புச் சொல்லவில்லை. பூஜையறை விஷயத்தில்தான் இன்னும் இழுபறி.

மகளின் பள்ளிப் பையில் இப்போது ஒரு சுருக்குப்பை இருக்கிறது: இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, மடித்த செய்தித்தாள். போன வாரம் அதைச் சரிபார்த்துக்கொண்டே, “வந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன். ஆனால் என்னைக் கேட்காமல் நீ யாரிடமும் சொல்லக்கூடாது, மாமாவிடம்கூட” என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அந்த மாமா, என் தம்பி, இரண்டு வருடமாகச் சீருக்கென்று சீட்டுக் கட்டி வருகிறான். அவனிடம் இன்னும் பேசவில்லை.