சத்தமில்லாத மூச்சிரைப்பு

வாத்துக் குஞ்சுகளுக்கு அன்று வயது 9 நாள். காலையில் கொட்டகைக்குள் போனபோது நாலைந்து குஞ்சுகள் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துப் பார்த்தேன். கரகரப்பு இல்லை, மூக்கில் சளியும் இல்லை. அந்த அமைதிதான் முக்கியமான அறிகுறி என்பது எனக்கு அப்போது தெரியாது.

குளிர் தாக்கியிருக்கும் என்று பக்கத் தார்ப்பாய்களை இறக்கிவிட்டு, கையிருப்பில் இருந்த ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். இரண்டுமே தப்பு. மூன்று நாளில் 200 குஞ்சுகளில் 26 போய்விட்டன.

அப்புறம்தான் இறந்த குஞ்சுகளைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அறுத்துக் காட்டினார். நுரையீரல் முழுக்கக் கடுகு தூவினதுபோல மஞ்சள் கலந்த வெள்ளை முடிச்சுகள். ஒரு குஞ்சின் காற்றுப்பைச் சுவரில், பழைய ரொட்டியில் படருமே, அதேபோலச் சாம்பல் பச்சையில் பூசணம். உயிரோடு ஓடிக்கொண்டிருந்த குஞ்சுக்குள் அது வளர்ந்திருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை என்று உறுதியானது.

"தரையில் பரப்பின கூளத்தைக் கிளறிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. மேலே காய்ந்து நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர்த் தொட்டி ஓரம் கையை விட்டேன். அடியில் வெதுவெதுப்பாகக் கட்டிதட்டியிருந்தது. ஒரு கட்டியை உடைத்ததும் புகைபோலத் தூசி கிளம்பியது. அத்தனையும் பூஞ்சை வித்துகள். 2, 3 மைக்ரான்தான் இருக்கும் என்பதால் மூச்சோடு நேராக நுரையீரலின் அடிவரை போய்விடும். வாத்து தண்ணீரை அலசிச் சிந்தும். ஈரமும் சூடும் சேர்ந்தால் இந்தப் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? தார்ப்பாயை இறக்கி அந்தத் தூசியை உள்ளேயே அடைத்து வைத்தவன் நான். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இது ஒரு குஞ்சிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதில்லை. எல்லாம் ஒரே காற்றைச் சுவாசிப்பதால்தான் கூட்டமாக விழுகின்றன. ஆன்டிபயாடிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. மந்தைக்கே கொடுத்துக் குணமாக்கும்படியான மருந்தும் கிடையாது.

அன்று ராத்திரியே குஞ்சுகளை வேறிடத்துக்கு மாற்றினோம். தூசி கிளம்பாமலிருக்கக் கூளத்தின்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வாரினோம். இந்த வித்து மனித நுரையீரலையும் விடாது, ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டவே போகக்கூடாது. தரையைக் கழுவிக் காயவைத்து, மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் அடித்தோம். தீவனத் தொட்டியின் மூலையில் ஒட்டியிருந்த பழைய தீனியையும் சுரண்டி எறிந்தோம். தண்ணீர்த் தொட்டிகளைக் கம்பிவலை மேடைக்கு மாற்றினோம். சிந்துவது இப்போது கீழே வடிகாலுக்குப் போய்விடுகிறது.

சாவு உடனே நிற்கவில்லை. ஏற்கெனவே முடிச்சு விழுந்த குஞ்சுகள் அடுத்த ஒரு வாரம் ஒவ்வொன்றாகப் போயின, மொத்தம் 41. பிழைத்தவற்றில் சில கடைசிவரை எடை ஏறவேயில்லை. அடுத்த தொகுதியில் ஒரு குஞ்சுகூட அப்படி வாய் திறக்கவில்லை.

இப்போது காலையில் முதல் வேலை, தொட்டியோரக் கூளத்தில் ஒரு பிடி அடியிலிருந்து எடுத்து அழுத்திப் பார்ப்பது. கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் அந்த இடத்துக் கூளம் அப்போதே வெளியே போய்விடும்.