அம்மாவின் பென்சில் குறிப்புகள்

மயிலாப்பூர் வீட்டுப் பரணில் ஒரு கட்டு ‘மங்கையர் மலர்’ கிடைத்தது. மார்கழி இதழ்களில் கோலப் பக்கங்கள் மட்டும் இல்லை. அத்தை கத்தரித்து எடுத்திருப்பார். சமையல் பக்க ஓரங்களில் அம்மாவின் பென்சில் எழுத்து: ‘புளி குறைக்கவும்’.

1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று, திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி அம்மாள் பல ஆண்டுகள் நடத்திய ஊர் இது. ‘மங்கையர் மலர்’ 2020இல் அச்சை விட்டு இணையத்துக்குப் போனது. எங்கள் தெருமுனைக் கடையில் இதழ்கள் தொங்கிய கயிற்றில் இன்று ஷாம்பு பாக்கெட்டுகள்.

குழம்புக்கு அளவு சொல்லக் கைப்பேசி போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாவின் வாசகர் கடிதம் அச்சில் வந்த அன்று, பக்கத்து வீட்டு மாமி இதழைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அம்மாவின் பெயரை, முழுப் பெயரை, அன்றுதான் நான் முதன்முதலில் அச்சில் பார்த்தேன்.

இந்தக் கட்டை எடைக்குப் போட மாட்டேன்.