கிளஃபும் டெய்லரும்: டிரென்ட் கரை நினைவுகள்

"அண்ணை, கல்லூரிக் காலத்து உதைபந்தாட்டம் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ" என்று மலர்க்குழுத் தம்பி ஒருவர் கேட்டார். கல்லூரி அணியில் நான் ஒருநாளும் விளையாடியதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவன். அந்தப் பழக்கம் விடவில்லை. 1977இல் படிக்கவென்று நொட்டிங்ஹாமுக்கு வந்தபோது, தங்கியிருந்த அறையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் டிரென்ட் ஆறும் அதன் கரையில் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானமும் இருந்தன. ஆகவே நான் எழுதக்கூடியது, அங்கே கண்ட ஃபொரஸ்ட் முகாமையாளர் பிரையன் கிளஃப் பற்றித்தான்.

நம் விளையாட்டு மாஸ்ரருக்கு ஒரே மந்திரம். பந்தைத் தரையில் வை, உன்னுடைய ஆளைப் பார்த்துக் கொடு. வானத்துக்கு அடித்தவனை அடுத்த ஆட்டத்தில் இருத்திவிடுவார். மேலே விளையாடத்தான் வேண்டுமென்றால் கடவுள் அங்கே புல்லை முளைக்க வைத்திருப்பார் என்று கிளஃப் சொல்வாராம். நம் மைதானத்தில் கீழேயே புல் கிடையாது, அது வேறு கதை.

கிளஃப் 1935இல் மிடில்ஸ்பரோவில் பிறந்தவர். பதினொரு வயதுப் பரீட்சையில் தவறியவர். பழைய மாணவர் மலரில் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். ஆனால் கோல் அடிப்பதில் அவருக்கு ஈடாக வடக்கில் அப்போது எவரும் இல்லை. மிடில்ஸ்பரோவுக்கும் சண்டர்லண்டுக்குமாக 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள். பெரும்பாலும் இரண்டாம் பிரிவில் அடித்தவை என்று குறை சொல்வார்கள். இங்கிலாந்து அணியில் இரண்டே இரண்டு ஆட்டங்கள்தான் கொடுத்தார்கள், இரண்டும் 1959இல்.

பிறகு 1962, நத்தாருக்கு அடுத்த நாள். சண்டர்லண்டின் றோக்கர் பார்க் மைதானம் உறைந்து கிடந்தது. எதிரணி பெரி. முன்னே விழுந்த பந்தைத் துரத்தி ஓடினார், பந்துக்காப்பாளரும் பாய்ந்து வந்தார். அவருடைய தோள் கிளஃபின் முழங்காலில் இடித்தது. மூட்டைப் பிடித்திருக்கும் நார்கள் கிழிந்துவிட்டன. இன்றைக்கென்றால் சத்திரசிகிச்சை செய்து, ஒரு வருடத்துக்குள் திரும்ப ஓட வைத்திருப்பார்கள். அன்று மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். 1964இல் திரும்பி வந்து மூன்று ஆட்டங்கள் ஆடினார், ஒரு கோலும் அடித்தார். அத்தோடு சரி. 29 வயதில் விளையாட்டு முடிந்தது. அந்தக் கோபம் கடைசிவரை அவரிடம் இருந்தது என்று நினைக்கிறேன். காயப்பட்ட வீரர்களோடு அவர் முகம் கொடுத்தே பேசமாட்டார் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

1965இல் ஹார்ட்லிபூல்ஸ் என்ற ஓட்டாண்டிக் கழகம் அவரைக் கூப்பிட்டது. நாலாம் பிரிவின் அடியில் கிடந்த கழகம். 30 வயதில் முகாமையாளர். போன கையோடு அவர் செய்த முதல் வேலை, மிடில்ஸ்பரோ நாட்களில் பந்துக்காப்பாளராக இருந்த பழைய கூட்டாளி பீற்றர் டெய்லரை அழைத்தது. உதவி முகாமையாளரை வைத்திருக்க அந்தக் கழகத்தில் வசதி ஏது? பயிற்சியாளர் என்ற பெயரில் டெய்லர் வாளியும் பஞ்சும் தூக்கினார். கிளஃப் பஸ் ஓட்டும் லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார். பதினாறு வயதுப் பொடியன் ஒருவனையும் அங்கே ஆட இறக்கினார்கள். ஜோன் மக்கவர்ன். அந்தப் பொடியன் பிறகு கிளஃபின் பின்னால் மூன்று கழகங்களுக்குப் போனான், கடைசியில் ஐரோப்பியக் கிண்ணத்தை இரண்டு முறை கையில் தூக்கினான்.

டேர்பிக்கு 1967இல் போனார்கள். இரண்டாம் பிரிவில் தூங்கிக் கிடந்த அணி ஐந்தே வருடத்தில் இங்கிலாந்துச் சம்பியன். 1972இல் அது உறுதியானபோது டேர்பி அன்று விளையாடவேயில்லை. தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்டு வீரர்கள் டெய்லரோடு மயோர்க்காவில் விடுமுறையில் இருந்தார்கள், கிளஃப் குடும்பத்தோடு சில்லித் தீவுகளில். லீட்ஸும் லிவர்பூலும் வழுக்கியதால் கிண்ணம் வீடு தேடி வந்தது. அடுத்த வருடமே கழகத் தலைவரோடு சண்டை பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் விலகினார்கள். பிரைட்டனுக்குப் போனார்கள். அங்கிருந்து கிளஃப் 1974இல் லீட்ஸுக்கு முகாமையாளராகப் போய், 44 நாட்களில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இந்த 44 நாட்களைப் பற்றிப் பேசாத ஆளில்லை. நான் கவனிப்பது ஒன்றைத்தான். டெய்லர் பிரைட்டனிலேயே நின்றுவிட்டார். லீட்ஸுக்குக் கிளஃப் போனது தனியாக.

ஃபொரஸ்டுக்கு அவர் வந்தது 1975 ஜனவரியில். 1976இல் டெய்லரும் வந்து சேர்ந்தார். 1977இல் மூன்றாம் இடத்தில் வந்து தட்டுத்தடுமாறி முதற்பிரிவுக்கு ஏறினார்கள், 1978இல் சம்பியன்.

டெய்லருடைய கண் எப்படிப்பட்டது என்பதற்குக் கெனி பேர்ன்ஸ் போதும். பேர்மிங்ஹாமில் முன்கள வீரர். குழப்படிக்காரன், சூதாடி என்று பெயர். அவர் உண்மையிலேயே எவ்வளவு பந்தயம் கட்டுகிறார் என்று பார்க்க, டெய்லர் தொப்பியும் கண்ணாடியுமாக நாய்ப் பந்தயத் திடலுக்குப் போய் ஒளித்திருந்து பார்த்தார் என்பார்கள். வாங்கி வந்து பின்களத்தில் நிறுத்தினார்கள். முதல் வருடமே உதைபந்தாட்ட எழுத்தாளர் சங்கம் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தெரிவு செய்தது. லிவர்பூலுக்கு எதிராகக் கோல் அடித்த கரி பேர்ட்டில்ஸ் 2000 பவுணுக்குப் பக்கத்து ஊர்க் கழகத்திலிருந்து வந்தவர். அதற்கு முன் வீடுகளுக்குக் கம்பளம் விரிப்பதுதான் தொழில்.

ஆனால் நான் காசு கொடுத்துப் பார்க்கப் போனது ஜோன் றொபேர்ட்சனை. கொஞ்சம் தொந்தி, மெதுவான ஓட்டம், சட்டை வெளியே. இடது பக்கக் கோட்டில் பஸ்சுக்கு நிற்பவர் மாதிரி நிற்பார். பந்து காலுக்கு வரும். எதிராளி கிட்ட வரும்வரை அசையமாட்டார். இடுப்பை ஒருபக்கம் சரிப்பார், எதிராளி அந்தப் பக்கம் போய்விடுவான், இவர் இரண்டடி வைத்து மற்றப் பக்கத்தால் பந்தை கோல் வாசலுக்குத் தூக்கிப் போடுவார். வேகமே தேவையில்லை. அணி முழுவதற்கும் கிளஃப் சொல்லி வைத்தது, பந்தை எடுத்தால் றொபேர்ட்சனிடம் கொடு என்பதுதான். எங்கள் மாஸ்ரர் பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார்.

1979 ஏப்ரல், ஐரோப்பியக் கிண்ண அரையிறுதி, ஜெர்மனியின் கொலோன் வந்தது. மைதானம் சேற்று வயல். இருபது நிமிடத்துக்குள் கொலோன் இரண்டு கோல். பிறகு பேர்ட்டில்ஸ் ஒன்று, போவியர் ஒன்று, றொபேர்ட்சன் பாய்ந்து தலையால் ஒன்று. அந்த மனிதர் பாய்ந்ததை அன்றுதான் பார்த்தேன். 3-2. ஆடிக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்தின் வாயை அடைத்து 3-3 ஆக்கியது, மாற்று வீரராக வந்த யசுஹிகோ ஒக்குடேரா என்ற ஜப்பானியர். அந்தக் காலத்தில் ஐரோப்பிய மைதானங்களில் ஆசிய முகத்தைக் காண்பது அரிது. சுற்றிவர எல்லோரும் தலையில் கை வைத்திருக்க, எனக்குள்ளே ஒரு கள்ளச் சந்தோசம். வெளியில் காட்டவில்லை. உயிர் முக்கியம். மறு ஆட்டத்தில் போவியர் அடித்த ஒரே கோலில் ஃபொரஸ்ட் கொலோனிலேயே வென்றது. இறுதியாட்டத்தில் மியூனிக்கில் மல்மோவை 1-0, அடுத்த வருடம் மட்ரிட்டில் ஹம்பேர்க்கை 1-0. முதலாவது கோல் றொபேர்ட்சன் கொடுத்த பந்தில் பிரான்சிஸ் அடித்தது, இரண்டாவது றொபேர்ட்சனே அடித்தது.

1982இல் டெய்லர் ஓய்வு என்று சொல்லி விலகினார், ஆறு மாதத்தில் டேர்பிக்கு முகாமையாளரானார். 1983இல் கிளஃபுக்குச் சொல்லாமல் றொபேர்ட்சனை டேர்பிக்கு எடுத்தார். அத்தோடு பேச்சு நின்றது. 1990இல் டெய்லர் இறக்கும்வரை இருவரும் பேசவில்லை. வாழ்நாள் முழுவதும் தான் பிடித்ததே சரி என்று நின்ற கிளஃப், இதற்கு மட்டும் பிற்காலத்தில் வருந்தினார். குடியும் கூடியது. 1993இல் அணி கீழிறங்க, அவரும் விலகினார். 2004இல் காலமானார்.

டெய்லர் போன பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் பொய். 1989, 1990 லீக் கிண்ணங்கள் வந்தன. றோய் கீனை அயர்லாந்திலிருந்து கொண்டுவந்தார்கள். ஆனால் லீக் சம்பியன் பட்டமும் ஐரோப்பியக் கிண்ணமும் திரும்ப வரவில்லை.

டெய்லர் இல்லாத கிளஃப் பாதி ஆள்தான் என்பேன், கனடாவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் ஒருவன் இதை ஒத்துக்கொள்வதில்லை. 1977இல் இங்கிலாந்து அணிக்கு முகாமையாளர் தேடியபோது கிளஃபையும் நேர்முகத்துக்கு அழைத்துவிட்டு றொன் கிரீன்வூட்டுக்குக் கொடுத்தார்கள். "அந்த ஒரு வேலையை அவனுக்குக் குடுத்திருந்தா உலகக் கிண்ணம் வந்திருக்கும், மச்சான்" என்பான். வந்திருக்கலாம், டெய்லரையும் சேர்த்து எடுத்திருந்தால். தனியாகப் போயிருந்தால் இன்னொரு லீட்ஸ் என்பது என் கட்சி. அவன் இந்த மலரை வாசித்துவிட்டுப் போன் எடுப்பான் என்று தெரியும்.