கடை மேலாளர் வேலை எனக்குச் சரிவருமா?

2025 ஜனவரி 9, வியாழன்

உதவி மேலாளர் பயிற்சிக்கு உன்ர பெயரையும் அனுப்பட்டோ என்று இன்று மேலாளர் அண்ணை கேட்டார். பெப்ரவரி முடியுமுன் பதில் சொல்ல வேண்டும். உயர்தரம் முடிந்த கையோடு, அரச வேலை கிடைக்கும் வரைக்கும் என்றுதான் கிளிநொச்சியில் இந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்தேன், வீட்டில் இன்னும் அதே எண்ணம்தான். "கடையில நிண்டு என்ன காணப்போறாய், பென்சன் இருக்கோ?" என்று அம்மா கேட்டா. பென்சன் இல்லை. ஓய்வுக்காலத்துக்கான சேமலாப நிதிக்கு (EPF) என் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பக்கத்தால் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு (ETF) அவர்கள் தனியாக 3 வீதம், இதைச் சொன்னால் அம்மாவுக்குக் காதில் ஏறாது. எனக்குப் பென்சன் பெரிய யோசனை இல்லை. வாழ்நாள் முழுக்க இதைச் செய்ய என்னால் முடியுமா, அதுதான் தெரிய வேண்டும். அதுவரை கடையில் பார்ப்பதை இங்கே எழுதிவைக்கிறேன், இதே யோசனையோடு இருக்கிற பிள்ளைகள் யாராவது வாசிக்கட்டும்.

ஜனவரி 13, திங்கள்

பொங்கலுக்கு முதல் நாள், போயாவும் (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்து வந்திருக்கிறது. அதனால் இறைச்சிப் பகுதியை மூடிவிட்டோம், மற்ற எல்லாப் பக்கமும் சனம். சர்க்கரை, பயறு, கஜு, பிளம்ஸ் எல்லாம் இருக்கிறது, சிவப்புப் பச்சை அரிசிதான் இல்லை. டிசம்பரில் அரசாங்கம் பச்சை அரிசிக்குக் கிலோ 220 ரூபாய், நாட்டரிசிக்கு 230 என்று உச்ச விலை போட்டது, விலை இருக்கிறது, சாமான் வருவதில்லை. வந்த கொஞ்சத்தை ஆளுக்கு இவ்வளவுதான் என்று மட்டுப்படுத்தி, அண்ணை காலை முழுக்க அரிசி றாக்கைக்குப் பக்கத்திலேயே நின்றார். அக்கராயனில் இருந்து வந்த ஒரு ஐயா, நெல் விளைகிற ஊரில் பொங்க அரிசி இல்லையோ என்று சத்தம் போட்டார். அண்ணை மறுத்துப் பேசவில்லை, வெள்ளைப் பச்சை அரிசி எங்கே இருக்கிறதென்று காட்டி, பொதியைத் தானே தூக்கிக்கொண்டு காசாளரிடம் வந்தார். மேலாளர் என்றால் அறைக்குள் கணினிக்கு முன்னால் இருப்பவர் என்று நினைக்கிறவர்கள் இப்படி ஒரு நாளை நேரில் பார்க்க வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

விடியப் பொங்கிவிட்டு மத்தியானம் வேலைக்கு வந்தேன். மற்றவர்களுக்குப் பெருநாள் என்றால் எங்களுக்கு வேலை கூடிய நாள், பொங்கல், வருசம், தீபாவளி எல்லாம் அப்படித்தான். இது மாறப்போவதில்லை. குடும்பத்தோடு பெருநாள் கொண்டாடியே ஆக வேண்டும் என்கிறவர்கள் இதை முதலில் யோசியுங்கள், சம்பளத்தைப் பிறகு யோசிக்கலாம்.

ஜனவரி 22, புதன்

இன்று குளிர்ப்பெட்டி வேலை. யோகட் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மூடியில் உள்ள திகதியை ஒவ்வொன்றாகப் பார்த்து, கிட்டத் திகதியை முன்னுக்கும் தூரத் திகதியைப் பின்னுக்கும் வைக்க வேண்டும். சனம் கையை உள்ளே விட்டுப் பின்னால் உள்ளதைத்தான் எடுக்கும், அதனால் மறுநாளும் இதே வேலை. அண்ணை ஒரு கணக்குக் காட்டினார். 90 ரூபாய்க்கு வாங்கி 100க்கு விற்கிற சாமான் ஒன்று காலாவதியானால், அந்த 90 ரூபாயை எடுக்க இன்னும் ஒன்பது விற்க வேண்டும். அதைக் கேட்ட பிறகு ஒரு யோகட் கப்பை என்னால் முன்னைப்போல் பார்க்க முடியவில்லை. 400க்கு வாங்கி 500க்கு விற்றால் லாபம் 25 வீதம் என்றுதான் நான் சொல்வேன், கடைக் கணக்கில் அது விற்ற விலையில் பார்ப்பது, 20 வீதம். பொன்னாங்காணி நேற்று எத்தனை பிடி வாடிப்போனது, திங்கட்கிழமைகளில் ஏன் மிஞ்சுகிறது, எத்தனை பிடி குறைத்துக் கேட்கலாம் என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் யோசித்துக்கொண்டே வந்தேன். யாரும் சொல்லி யோசிக்கவில்லை, தானாக வந்தது. காசாளராக இருந்தபோது இப்படி ஒருநாளும் யோசித்ததில்லை.

பெப்ரவரி 7, வெள்ளி

நெல்லுக்கு விலை அறிவித்துவிட்டார்கள், நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132. அப்பா இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறார், செலவோடு பார்த்தால் காணாது என்கிறார். எங்கள் றாக்கையில் இருக்கிற அரிசிப் பொதிகளைத் திருப்பிப் பார்த்தேன், பெரும்பாலும் பொலன்னறுவை ஆலைகள். எங்கள் ஊர் மொட்டைக்கறுப்பன் அரிசியை இங்கே ஏன் வைக்க முடியாது என்று அண்ணையிடம் கேட்டேன். எந்தச் சாமான், யாரிடம், என்ன விலை, எல்லாம் தலைமையகம் தீர்மானிப்பது, கிளை மேலாளர் எழுதிக் கேட்கலாம், அவ்வளவுதான் என்றார். எனக்கு இது கஷ்டமாகத்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது. சொந்தமாகக் கடை போடுகிற மனம் உள்ளவர்களுக்கு இந்த இடத்தில் மூச்சு முட்டும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

பெரியம்மாவிடம் போனேன். யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் கூட்டுறவுச் சங்கக்கடை நடத்தியவ. நிவாரண அட்டைக்கு மா, சீனி, பருப்பு நிறுத்துக் கொடுத்து, இரவில் ஜாம்போத்தல் விளக்கில் கொப்பியை வைத்துக்கொண்டு கடைசிக் கிலோ வரை இருப்புச் சரிபார்ப்பாவாம். நான் எல்லாக் கதையும் சொல்லி முடிக்க அவ கேட்டது ஒன்றுதான், "இருப்புக் குறைஞ்சால் உனக்கு நித்திரை வருமோ?" வராது என்றேன். சரி, அப்ப போ என்றா.

பெப்ரவரி 24, திங்கள்

பெயரை அனுப்பச் சொல்லிவிட்டேன். அனுப்பமுன் கேட்க வேண்டியதையும் கேட்டேன். கடை ஊழியருக்குச் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. மேலாளர் தரத்துக்கு ஏறினால் எங்கள் கடையில் ஓவர்டைம் இல்லை, அதனால் சம்பள உயர்வை அந்தக் காசையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். பயிற்சியில் வேறு மாவட்டத்துக்கும் போடுவார்கள், சிங்களம் பேச வேண்டும். அப்பா ஓம் என்றார். அம்மா இன்னும் வர்த்தமானியில் அரச வேலை விளம்பரம் பார்க்கிறா, அது அவவின் பாடு. மொட்டைக்கறுப்பன் பற்றித் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதி அண்ணையிடம் கொடுத்திருக்கிறேன், திருத்தித் தருகிறேன் என்றார். சனிக்கிழமை சிங்கள வகுப்பு தொடங்குகிறது.